தடுத்தலும் ஆட்கொள்ளலும்

கண்டிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது பிரம்பு. அன்பு என்றதும் நினைவுக்கு வருவது தாயின் மடி. பிரம்பும் மடியும் ஒரு வீட்டில் இருக்கக் காண்கிறோம். ஒரே நெஞ்சில் அவை இரண்டும் இருக்க முடியுமா? முடியும் என்று சாதிப்பவர்கள் பெற்றோர்கள். முடியாது என்று முகம் திருப்பிக் கொள்பவர்கள் பிள்ளைகள். வீடுதோறும் நடக்கும் வழக்கு இது. மாணவர்களாகிய நாம் இதில் வாதிகள். நாளை நாமே பிரதிவாதிகளாகவும் நிற்கப் போகிறோம். ஆதலின் இவ்வழக்கை அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது நமக்கு நல்லது.

இதற்குத் தமிழ் ஒரு பழைய தீர்ப்பை வைத்திருக்கிறது. அத்தீர்ப்பு ஒரே ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. 'தடுத்தாட்கொள்ளல்' என்பதே அச்சொல். தடுத்தல் ஒரு வினை. ஆட்கொள்ளல் இன்னொரு வினை. ஒருவனை அவன் போகும் வழியில் மறித்து நிறுத்துவது முன்னது. அவனைத் தனக்கு உரியவனாக ஏற்று, அவன் பொறுப்பு முழுவதையும் தாங்கிக் கொள்வது பின்னது. இவ்விரண்டு வினைகளையும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைத்த கதை வேறெங்கும் தோன்றவில்லை. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரில் பிறந்த ஒரு பிள்ளையின் வரலாற்றில்தான் தோன்றியது.

நாவலூர்ப் பிள்ளை

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், கெடிலம் பாயும் நாட்டில் இருக்கிறது திருநாவலூர். இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். பழங்காலத்தில் இது திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. இங்குச் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தவர் நம்பியாரூரர். சுந்தரர் என்று நாம் வணங்குபவர் அவரே. ஆண்டுதோறும் ஆடிச் சுவாதியில் அவருடைய குருபூசை நடக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் இவர் வரலாற்றின் தொடக்கப் பகுதிக்குத் 'தடுத்தாட்கொண்ட புராணம்' என்றே பெயர்.

தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக் கொண்டிருந்த அக்குழந்தையை நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் கண்டார். கண்டவுடன் காதல் கொண்டார். பெற்றோரிடம் சென்று, நட்புரிமையால் வேண்டிக் கேட்டு, பிள்ளையைப் பெற்றுச் சென்றார். தம் மகனாகவே வளர்த்தார். சடையனார், இசைஞானியார், நரசிங்க முனையரையர், நம்பியாரூரர் ஆகிய நால்வருமே அறுபத்து மூன்று நாயன்மார்களில் வைத்து எண்ணப்படுபவர்கள். பெற்றவர் இருவர், வளர்த்தவர் ஒருவர், வளர்ந்தவர் ஒருவர் என ஒரு பிள்ளையைச் சுற்றியிருந்த அனைவரும் அடியார் வரிசையில் இடம் பெற்றது எண்ணத்தக்கது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பெற்றோர் பிள்ளையைக் கொடுத்தது. ஒரே ஊரில்தான் என்றாலும் தம் கைக்குள்ளிருந்த குழந்தையைப் பிறிதொரு கையில் கொடுப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று. இரண்டாவது, வளர்த்தவர் பிள்ளையை மாற்றாமல் வளர்த்தது. அரசிளங்குமரனுக்குரிய செல்வம் அனைத்தும் கொடுத்தார். எனினும் பிள்ளை தன் குலமரபின்படியே பூணூல் அணிந்து, அம்மரபுக்குரிய கலைகளைக் கற்றது. தம் அரண்மனையில் வளர்ந்ததால் தம்மைப் போலவே ஆகவேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. பிள்ளையைத் தம் மறுபதிப்பாக அச்சடிக்க நினைக்கும் பெற்றோர் இந்த அரசரிடம் பாடம் கேட்கலாம்.

அவர் எத்தகைய மனிதர் என்பதற்குச் சேக்கிழார் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். திருவாதிரை நாள்தோறும் அடியவர்க்கு ஆளுக்கு நூறு பொன் கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் ஒழுக்கம் குலைந்த கோலத்தோடு, ஆனால் உடம்பில் நீறு பூசி, ஒருவன் வந்தான். அருகிலிருந்தோர் இகழ்ந்து ஒதுங்கினர். அரசரோ எதிர்சென்று கைகூப்பி, அவனுக்கு இருமடங்கு பொன் கொடுத்து அனுப்பினார். குறையைக் கண்ட இடத்திலும் குணத்தின் சிறு அடையாளத்தைத் தேடும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண்ணின் கீழ் வளர்ந்த பிள்ளை கொடுத்து வைத்த பிள்ளை அல்லவா?

மணப்பந்தலில் ஒரு வழக்கு

நம்பியாரூரருக்கு மணப்பருவம் வந்தது. புத்தூரைச் சேர்ந்த சடங்கவியாரின் மகளைப் பேசி முடித்தனர். பந்தல் நிறைந்த நேரத்தில் முதிய அந்தணர் ஒருவர் தடியூன்றி உள்ளே வந்தார். 'இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் உள்ளது' என்றார். மணமகனுக்குச் சினம் பொங்கியது. முதியவரைப் 'பித்தன்' என்று ஏசினார். ஓலையைப் பறித்துக் கிழித்தும் போட்டார். முதியவர் அசையவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். அவ்வூர்ச் சபையில் வழக்கு நடந்தது. பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஓலையை ஒப்பிட்டுப் பார்த்த சபையோர், முதியவர் பக்கமே தீர்ப்புக் கூறினர். 'உம் வீடு எங்கே?' என்று கேட்டவர்களை அழைத்துக் கொண்டு முதியவர் அவ்வூர்த் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார்.

இதுவரை நடந்தது தடுத்தல். இனி நடப்பதே ஆட்கொள்ளல். இறைவன் தோன்றி, 'என்னோடு வன்மை பேசினாய். ஆகவே வன்தொண்டன் என்ற பெயரைப் பெற்றாய். இனி எனக்குத் தமிழ்ப்பாட்டே வழிபாடு' என்கிறான். என்ன சொல்லித் தொடங்குவது என்று பிள்ளை திகைக்கிறது. என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு என்று வழி காட்டப்படுகிறது. ஏசிய சொல்லே ஏழாம் திருமுறையின் முதற்சொல் ஆயிற்று.

கண்டிப்பைப் பற்றி இதைவிட நுட்பமான பாடம் வேறில்லை என்று நான் கருதுகிறேன். சாதாரணமாக நம் வீடுகளில் என்ன நடக்கும்? எதிர்த்துப் பேசிய பிள்ளையின் வாயை அடைப்பார்கள். 'பெரியவர்களை இப்படியா பேசுவது' என்று தொடங்கும் கண்டனம், பிள்ளை செய்த முதற் குற்றத்தையே மறந்துவிட்டு, அது பேசிய சொல்லையே பிடித்துக் கொண்டு நாள் முழுவதும் தொடரும். திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததோ வேறு. தீர்ப்பில் ஓர் இம்மியும் விட்டுக் கொடுக்கவில்லை. ஓலை ஓலைதான், அடிமை அடிமைதான். ஆனால் பிள்ளையின் முரட்டுச் சொல் குற்றப் பத்திரிகையில் ஏறவில்லை; பட்டப் பெயராகவும் பாட்டாகவும் ஆகிவிட்டது. சுந்தரரும் இதை மறக்கவில்லை. பிற்காலத்தில் திருநாவலூரைப் பாடிய பதிகத்தில், சபைமுன் தாம் வன்மை பேசியதற்கு வன்தொண்டன் என்னும் வாழ்வையே தமக்குத் தந்தார் என்று நன்றியோடு நினைவு கூர்கிறார். அதே பதிகத்தில் அவ்வூரை நரசிங்க முனையரையரின் ஊர் என்றும் போற்றுகிறார். திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகையில் தம்மை வளர்த்த அவ்வரசருக்கும் தாம் அடியார் என்கிறார்; அதன் இறுதியில் தம் தந்தை தாய் பெயரைச் சொல்லி முடிக்கிறார். வளர்ப்பு நன்றாக இருந்தது என்பதற்கு வளர்ந்த பிள்ளையின் வாக்குமூலத்தைவிட வேறு சான்று வேண்டுமோ?

கண்ணும் கோலும்

தோழன் என்பதற்காகச் சட்டம் வளைந்ததா என்றால், அதுவும் இல்லை. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார் சுந்தரர். பின்னர்த் திருவாரூர் நினைவு மேலிட, சூளை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டியவுடன் இரு கண்களும் ஒளி இழந்தன.

தண்டனை கடுமையானது. ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். வழியில் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண் திரும்புகிறது. திருவாரூரில் வலக்கண்ணும் திரும்புகிறது. கண்ணை வாங்கிய அதே கைதான் கோலையும் கொடுக்கிறது. தண்டனையை ஒரே மூச்சில் நீக்கிவிடவில்லை. நீக்கினால் சூளுக்குப் பொருள் இராது. அதற்காக இருட்டில் தனியே தள்ளிவிட்டுப் போகவும் இல்லை. தண்டனை முடியும்வரை உடன் நடந்து வருகிறது ஓர் அருள். பிறகு திருவாரூரில் ஊடல் கொண்டிருந்த பரவையாரைச் சமாதானம் செய்ய, நள்ளிரவில் தெருவில் நடந்து இறைவனே தூது போகிறான். முதல் முறை பலிக்காமல் இரண்டாம் முறையும் போகிறான்.

இந்தக் கதைகளைப் பத்திமையோடு படிப்பவர் உண்டு. இலக்கியமாகப் படிப்பவரும் உண்டு. எப்படிப் படித்தாலும் ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. கண்டிப்பவர் அந்தக் கண்டிப்பின் சுமையில் தாமும் ஒரு பங்கைத் தூக்குகிறாரா? தூக்கினால் அது அன்பின் கண்டிப்பு. பிள்ளையின் தலையில் மட்டும் சுமையை ஏற்றிவிட்டுத் தாம் கைவீசி நடந்தால் அது வெறும் அதிகாரம்.

கெடிலக் கரையின் தமக்கை

இந்த அளவுகோலை அதே திருமுனைப்பாடி நாட்டு இன்னொரு வீட்டிலும் வைத்துப் பார்க்கலாம். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். தந்தை மறைந்தார், தாயும் உடன் மறைந்தார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கையின் காலில் தம்பி விழுந்தான். 'அம்மையும் அப்பனும் போனபின் உங்களை வணங்கியன்றோ உயிர் வாழ்கிறேன்; நீங்களும் போவதாயின் நான் உங்களுக்கு முன்னே போவேன்' என்ற பொருள்பட அழுதான். தம்பிக்காகத் தமக்கை உயிர் தாங்கினார். மணமின்றி, துறவியாக, ஒரு தாயாக வாழ்ந்தார்.

அந்தத் தம்பி வளர்ந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூர் சென்று, சமண சமயம் சேர்ந்து, தருமசேனர் என்று பெயர் பெற்றார். எச்சமயம் உயர்ந்தது என்னும் வாதம் நமக்கு இங்கே வேண்டா. தம்பியைத் தேடிச் சென்று தமக்கை கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பதே நமக்குரிய செய்தி. அவர் திருவதிகைக் கோயிலில் அலகிட்டும் மெழுகியும் மாலை கட்டியும் தொண்டு செய்து கொண்டிருந்தார். தம்பிக்காக வேண்டிக் கொண்டிருந்தார். தம்பிக்குச் சூலை நோய் வந்தது. எந்த மருந்தும் கேளாதபோது தமக்கையின் நினைவு வந்தது. சமையற்காரனைத் தூது அனுப்பினார். தமக்கையார் சொன்ன விடை நம்மைத் திடுக்கிடச் செய்யும்: 'நான் அங்கே வரமாட்டேன் என்று போய்ச் சொல்.'

எவருக்காக உயிரையே தாங்கினாரோ அவருக்கு நோய் என்று கேட்டும் வரமறுக்கும் நெஞ்சு கல்நெஞ்சா? அன்றிரவே தம்பி வலியோடு நடந்து திருவதிகை வந்து காலில் விழுந்தபோது, தமக்கை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. 'எழுந்திரு' என்றார். திருநீறு கொடுத்தார். விடியலில் கோயிலைத் திறக்கச் செல்லும்போது கூட அழைத்துச் சென்றார். தமக்கை வரமாட்டார், ஆனால் தமக்கையின் கதவு மூடியிராது. அக்கதவை நோக்கித் தம்பி தன் காலால் நடந்து வரவேண்டும். அவ்வளவே அவர் விதித்த நிபந்தனை. அத்தம்பிதான் திருநாவுக்கரசர். பிற்காலத்தில் கையில் உழவாரம் ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கிய அவரைப் பார்க்கும்போது, அதற்கு முன்பே அலகு பிடித்த தமக்கையின் கைதான் நினைவுக்கு வருகிறது. தமக்கை சொல்லிக் கொடுத்ததைவிடச் செய்து காட்டியதே தம்பியிடம் நிலைத்தது.

பழமொழியும் உளவியலும்

'முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்' என்பது நம் ஊர்ப் பழமொழி. முருங்கைக்கு அது பொருந்தும். ஒடித்தால் பக்கக் கிளை விட்டுப் பூக்கும். பிள்ளை முருங்கை அன்று. ஒடிந்த பிள்ளை பக்கத்தில் கிளைப்பதும் உண்டு; அடியோடு வாடிப் போவதும் உண்டு. வள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்ற அதிகாரத்தில் ஆள்பவனுக்கு ஒரு யோசனை சொல்கிறார். ஓங்கும்போது கடுமையாக ஓங்கலாம். கோல் வந்து படும்போது மெல்லப் படவேண்டும் என்பது அதன் கருத்து. அரசனுக்கே இப்படியானால் அப்பனுக்கு எப்படி இருக்க வேண்டும்? பள்ளிகளில் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் இன்னும் பழமொழியே ஆட்சி செய்கிறது.

மேலை நாட்டு உளவியலாரும் இப்பொருளை ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் குழந்தைகளையும் பெற்றோரையும் ஆய்ந்த டயானா பாம்ரிண்ட் என்னும் அம்மையார் 1966இல் பெற்றோரை மூவகைப்படுத்தி எழுதினார். சொன்னதைக் கேள் என்று மட்டும் சொல்லி, ஏன் என்ற கேள்விக்கு இடங்கொடாதவர் ஒரு வகை. எதையும் தடுக்காமல் பிள்ளையின் விருப்பத்திற்கே விட்டுவிடுபவர் மற்றொரு வகை. விதியை உறுதியாக வைத்து, அதன் காரணத்தையும் எடுத்துச் சொல்லி, பிள்ளையின் மறுப்பையும் காது கொடுத்துக் கேட்பவர் மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையாரிடம் வளர்ந்த குழந்தைகளே தன்னம்பிக்கையும் தன்னடக்கமும் மிக்கவர்களாக விளங்கக் கண்டார் அவர். தடுக்கவும் மாட்டார், அணைக்கவும் மாட்டார், கவனிக்கவே மாட்டார் என்ற நான்காம் வகையை மக்கோபி, மார்ட்டின் என்னும் அறிஞர் இருவர் 1983இல் சேர்த்தனர். கலிபோர்னியாவில் வகுத்த அந்த மூன்றாம் வகைக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டுமானால், நம் திருநாவலூர்க் கதையின் தலைப்பையே இட்டுவிடலாம்.

புத்தூர்ப் பெண்ணும் நம் வீட்டுப் பெண்களும்

கதையில் ஒருவரை நாம் மறந்துவிட்டோம். மணப்பந்தலில் தடுக்கப்பட்டவர் ஒருவர் அல்லர், இருவர். மாலையோடு அமர்ந்திருந்த அந்தப் புத்தூர்ப் பெண் என்ன ஆனாள்? சடங்கவியார் மகள் என்றே சேக்கிழார் அவளைக் குறிக்கிறார். அவள் நம்பியாரூரரையே நினைந்திருந்து சிவபதம் அடைந்தாள் என்று சுருக்கமாக முடித்து விடுகிறார். இறுதி நற்கதிதான். ஆயினும் தடுத்த கை அவளிடம் வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இதைப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த இடத்தில் மனம் சற்று நின்றே மேலே செல்கிறது.

ஏனென்றால் நம் ஊர்களில் கண்டிப்பு என்ற பெயரில் நடப்பதில் பாதி, பெண்ணை மட்டும் தடுப்பது. அண்ணன் இரவு பத்து மணிக்கு வந்தால் சோறு மூடி வைத்திருக்கும். தங்கை ஆறு மணிக்கு வந்தால் கேள்வி காத்திருக்கும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் திட்டவட்டமாகச் சொல்லியும், பள்ளி இறுதியை எட்டுமுன் பெண்ணின் படிப்பை நிறுத்தும் வீடுகள் உண்டு. 'பொம்பளப் புள்ளைய கண்டிப்பா வளர்க்கிறோம்' என்று அவ்வீட்டார் பெருமையும் கொள்வர். என்னோடு பத்தாம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் ஒருத்தி, கணக்கில் என்னை முந்துபவள், பதினொன்றாம் வகுப்பு தொடங்கியபோது வகுப்பில் இல்லை. அவள் வீட்டிலும் மாலை ஆறு மணிச் சட்டம் இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வீடும் ஒன்றே.

வேறுபாடு எங்கே என்பதை என் அன்னையாரைக் கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. திருநாவலூரை அடுத்த ஒரு சிற்றூர் எங்களுடையது. கரும்பு வெட்டும் பருவத்தில் அப்பா வெளியூர் போய்விடுவார். ஆட்சி முழுவதும் அம்மாவின் கையில். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் நான் பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும். பொருள் புரியாவிட்டாலும் என் குரல் தடுமாறும் இடம் அவருக்குத் தெரிந்துவிடும். 'அந்த எடத்துல முட்டுது பாரு, திரும்பப் படி' என்பார். கொடுத்த பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்பார். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி அவர் தலையணைக்கு அடியில் போய்விடும். ஆனால் நான் படிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியும் அணைந்தே இருக்கும். தெருவெல்லாம் பார்க்கும் தொடரை அவர் பார்த்ததில்லை. தேர்வுக் காலத்தில் நான் நான்கு மணிக்கு எழுந்தால் அவர் மூன்றரைக்கே எழுந்து அடுப்பு மூட்டியிருப்பார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அம்மாவுக்கு அண்ணன் முறையுள்ள உறவினர் ஒருவர் ஒரு மாப்பிள்ளைச் செய்தியோடு வந்தார். 'இவ்வளவு கண்டிப்பா வளர்த்த புள்ள. நல்ல எடமா வந்திருக்குது. பேரு கெடாம தள்ளி உட்டுடலாம்மா' என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னார்: 'அண்ணே, நான் அவள அதட்டுறது அவ படிக்கணும்னுதான். படிப்ப நிறுத்துறதுக்கு இல்ல.' வந்தவர் மோரைக் குடிக்காமலே எழுந்து போனார். அதன்பின் இரண்டு பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து அம்மாவுக்குச் சீர் வரவில்லை. பிறந்த வீட்டுச் சீர் வராத பொங்கல் ஒரு பெண்ணுக்கு எப்படிப்பட்டது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

என்னை ஆயிரம் முறை தடுத்த கை, என் பொருட்டுத் தன் சொந்தத்தையும் ஒருமுறை தடுத்தது. அதற்கான விலையையும் தானே கொடுத்தது. என் தோழியின் வீட்டில் தடுத்தல் மட்டுமே இருந்தது. அந்தத் தடையின் விலை முழுவதையும் அவளே கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இந்த வேறுபாட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

பிரிந்து கொடுக்கும் பெற்றோர்

மற்றொரு வகைக் கண்டிப்பும் நம் மாவட்டத்தில் உண்டு. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடிப் பெற்றோர் பலர் வேலை தேடிப் பிற மாநிலங்களுக்குச் செல்கின்றனர். செல்லுமுன் பிள்ளைகளை அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்த்துவிட்டுப் போகின்றனர். தாயின் சேலையைப் பிடித்துக் கொண்டு அழும் பிள்ளையின் விரல்களைப் பிரித்துவிட்டுப் படியிறங்குவது கண்டிப்பு இல்லையா? சடையனார் தம் பிள்ளையை அரசருக்குக் கொடுத்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெற்றோரே நினைவுக்கு வருகிறார்கள். திருநாவலூர்க் கோயிலுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு. முதலாம் பராந்தக சோழன் தன் மூத்த மகன் இராசாதித்தனை அரண்மனை நிழலில் வைத்துக் கொள்ளாமல், வட எல்லையைக் காக்க இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் தங்கச் செய்தான். இங்குக் கற்கோயில் எடுப்பித்தவன் அவனே. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே அவன் உயிர் துறந்தான். மகனைத் தன் கண்ணெதிரே வைத்துக் கொள்ள முடியாத தந்தையின் துயரம் சோழனுக்கும் உண்டு. மலைவாழ் கூலித் தொழிலாளிக்கும் உண்டு.

தன்னைத் தடுத்தல்

இறுதியாக ஒன்று. பிறரைத் தடுக்கும் உரிமை தன்னைத் தடுக்கத் தெரிந்தவருக்கே உண்டு. 2024 சூன் மாதம் நம் கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் நஞ்சு கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. தந்தையை இழந்த பிள்ளைகள், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் என அந்தத் தெருக்களில் எழுந்த அழுகையை நாடே கேட்டது. இறந்தவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. உழைத்துக் களைத்தவர்கள் அவர்கள். நஞ்சை விற்றவர்களே குற்றவாளிகள். ஆனால் அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது ஓர் உண்மை சுடுகிறது. கண்டிக்கும் குரல் வீட்டில் இருப்பதும் ஒரு செல்வமே. 'எங்கே போயிருந்தாய்?' என்று கேட்க ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை, கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைதான் அறியும். அந்தக் குரல் நிலைத்திருக்க வேண்டுமானால், குரலுக்கு உரியவர் முதலில் தம்மைத் தாமே காத்துக் கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறை. இன்னும் சில ஆண்டுகளில் நாம் ஆசிரியராவோம், அலுவலராவோம், தாயாவோம், தந்தையாவோம். தடுக்கும் அதிகாரம் நம் கைக்கு வரும். வரும்போது நம்மை நாமே கேட்டுக் கொள்ள மூன்று கேள்விகளைத் திருமுனைப்பாடி நாடு விட்டுச் சென்றிருக்கிறது. நான் தடுக்கும் காரணத்தைச் சபையில் வைத்து மெய்ப்பிக்க என்னால் முடியுமா? நான் தண்டித்தவனுக்கு ஊன்றிக் கொள்ள ஒரு கோல் கொடுத்தேனா? அவன் திரும்பி வரும் இரவில் என் கதவு திறந்திருக்குமா?

மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் தாராளமாகக் கண்டிக்கலாம். அத்தகைய கண்டிப்பை ஏற்ற பிள்ளை இன்று சினந்து ஏசினாலும், அந்த ஏச்சே நாளை ஒரு பாட்டின் முதற்சொல்லாக மாறும்.